மின்னஞ்சற் கோப்புறைகள் எங்கே இருக்கின்றன?

பாடசாலை அதிபர் ஒருவர் இடமாற்றம் பெற்று வேறொரு வலயத்துக்குச் செல்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். போகுமுன் அவர் எல்லாவற்றையும் முறைப்படி ஒப்படைக்கின்றார். திறப்புக் கோவை, சம்பவத் திரட்டுப் புத்தகம், பொருட் பதிவேடு, வங்கிப் புத்தகம் ஆகிய யாவும் கையெழுத்துடன் கைமாறுகின்றன. பாடசாலையின் மின்னஞ்சல் முகவரியும் அதற்குரிய கடவுச்சொல்லும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. புதிய அதிபர் மறுநாட் காலை தமது மடிக்கணினியில் அம்முகவரியைத் திறந்து பார்க்கின்றார். முன்னவர் ஆறாண்டு காலமாக ‘வலயக் கல்வி அலுவலகம்’, ‘கட்டட வேலை’, ‘ஆசிரியர் விடுமுறை’ என்று பெயரிட்டு ஒழுங்காகச் சேர்த்து வைத்த கோப்புறைகளுள் ஒன்றையேனும் அங்கே காணவில்லை. அண்மையில் வந்த ஏழெட்டுக் கடிதங்கள் மாத்திரம் கிடக்கின்றன.

முன்னவர் எதனையும் அழிக்கவில்லை, ஒளிக்கவுமில்லை. கடிதங்கள் யாவும் கந்தோர் மூலையில் விசிறி இரைய ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியின் வட்டுக்குள் பத்திரமாகவே உள்ளன. அவருக்கும் அது தெரியாது. கோப்புறைகள் ‘மின்னஞ்சலுக்குள்’ இருக்கின்றன என்றே அவர் எண்ணியிருந்தார். மின்னஞ்சலுக்குள் என்றால் எந்த இடத்தில் என்னும் கேள்வி அவருக்கு ஒருநாளும் எழவில்லை. எழாமைக்கு அவரைக் குறை கூறவும் இயலாது. திரையின் இடது ஓரத்தில் வரிசையாகத் தோன்றும் சிறிய மஞ்சள் உறைகள், தாம் இருக்கும் இடத்தைத் தாமாகச் சொல்வதில்லை. மேசைக்குக் கீழிருக்கும் கணினியிலுள்ள கோப்புறையும் ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கணினியிலிருக்கும் கோப்புறையும் பார்வைக்கு ஒன்றுபோலவே காட்சி தருகின்றன.

மின்னஞ்சலை அனுப்புவோர், பெறுவோர் ஆகிய இருவருக்கும் நடுவே எந்நேரமும் விழித்திருக்கும் ஒரு கணினி வேண்டும். பெறுபவர் உறங்கும்போதும் அவருடைய கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் அவருக்கு வரும் கடிதத்தை ஏற்று வைத்திருப்பது அதன் கடமை. அதனையே சேவையகம் என்கிறோம். தபாலோடு ஒப்பிட்டால் அது தபாற் கந்தோர். நமது மேசைக் கணினியும் கைத்தொலைபேசியும் வீடுகள். கடிதம் முதலில் கந்தோருக்கு வருகின்றது. அதன் பின்னர் அஃது எங்கே தங்குகின்றது என்பதிலேதான் இரண்டு வழக்கங்கள் பிரிகின்றன. இக்காலத்தில் ‘மேகம்’ என்றொரு சொல் வழங்குகின்றது. அச்சொல் இந்த விடயத்தில் மயக்கத்தை வளர்த்ததே அன்றித் தெளிவைத் தரவில்லை. அங்கே மேகமும் இல்லை, மழையும் இல்லை. குளிரூட்டிய மண்டபங்களில் இரும்புத் தட்டுகளில் அடுக்கி வைத்த கணினிகளே இருக்கின்றன.

இவ்விரு வழக்கங்களும் எவ்வாறு தோன்றின என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் விடயம் எளிதாகும். 1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ரே ரொம்லின்சன் என்னும் பொறியியலாளர், வலையமைப்பினால் இணைக்கப்பட்ட ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். பெயரையும் இடத்தையும் பிரிப்பதற்கு இன்று உலகமெங்கும் வழங்கும் அந்தச் சுழிக்குறியைத் தெரிந்தெடுத்தவரும் அவரே. அக்காலத்துக் கணினி ஒரு பெரிய அறையை நிறைத்து நின்றது. பலர் தட்டச்சுப் பொறி போன்ற முனையங்களில் அமர்ந்து அதனைப் பொதுவாகப் பயன்படுத்தினர். கடிதம் அந்தப் பெருங்கணினிக்கு வந்தது, அங்கேயே வாசிக்கப்பட்டது, அங்கேயே கிடந்தது. எங்கே என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை.

1980 களில் மேசைக் கணினிகள் பெருகியபோது நிலைமை மாறியது. மாலையில் நிறுத்திவிட்டு வீடு செல்லும் ஒரு கணினி, இரவில் வரும் கடிதத்தை எவ்வாறு பெற முடியும்? ஆகவே, கடிதத்தைச் சேவையகம் ஏற்று வைத்திருக்க, மேசைக் கணினி வேண்டியபோது சென்று எடுத்துக்கொள்ளும் ஒரு நடைமுறை 1984 இல் வகுக்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயர் ‘போஸ்ட் ஒஃபீஸ் புரோட்டோகோல்’ என்பது. தபாற் கந்தோர் என்னும் உவமை, இதனை வகுத்தவர்கள் தாமே வைத்த பெயரில் உள்ளது. சுருக்கமாகப் ‘பொப்’ என்பர். 1988 இல் வெளிவந்த அதன் மூன்றாம் வடிவமே இன்றும் வழக்கிலுள்ளது.

பொப் முறையின் இயல்பு அது பிறந்த காலத்தின் சிக்கனத்திலிருந்து வந்தது. சேவையகத்தில் இடம் விலை உயர்ந்தது. தொலைபேசிக் கம்பியில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கட்டணம் உண்டு. எனவே தொடர்புகொள், கிடப்பவற்றை அள்ளிக்கொள், தொடர்பைத் துண்டி என்பதே அதன் போக்கு. இலங்கையில் 1995 இல் வணிக முறையிலான இணையச் சேவை தொடங்கிய பின்னரும் மோடம் கருவி கீச்சிட்டுக் கம்பியில் இணையும் வரை காத்திருந்தவர்கள் அந்தச் சிக்கனத்தை நன்கு அறிவர். கடிதங்கள் இறங்கி முடிந்ததும் தொடர்பைத் துண்டித்து, ஆறுதலாக வாசிப்பார்கள்.

இம்முறையில் சேவையகம் அறிந்தது ஒரே பெட்டியைத்தான்: வந்த கடிதங்கள் கிடக்கும் பெட்டி. கோப்புறை என்ற எண்ணமே பொப் முறைக்கு இல்லை. பயன்படுத்துபவர் பத்துக் கோப்புறைகளை அமைத்தால் அப்பத்தும் அவருடைய கணினியிலேயே பிறந்து அங்கேயே வாழ்கின்றன. அவர் அனுப்பிய கடிதங்களின் பிரதிகளும் அங்கேயே. கடிதத்தை எடுத்த பின்னரும் கந்தோரில் ஒரு பிரதியை விட்டு வைக்குமாறு மின்னஞ்சல் நிரலுக்குக் கட்டளையிடலாம் என்பது உண்மையே. ஆயினும் விடப்படுவது கடிதம் மாத்திரமே. அது எந்தக் கோப்புறையில் வைக்கப்பட்டது, அதற்குப் பதில் எழுதப்பட்டதா என்னும் செய்திகள் கந்தோருக்கு எட்டுவதில்லை. நமது பழைய அதிபருக்கு நேர்ந்தது இதுவே. அவருடைய கணினி பொப் முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அமைத்துக் கொடுத்தவர் அதைச் சொல்லாமற் போய்விட்டார்.

மற்றைய வழக்கத்தின் பெயர் ‘ஐமாப்’. 1986 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் இதனை உருவாக்கினார். முதன்முதலில் இதற்கு வைத்த பெயரில் ‘இடைக்கால’ என்னும் சொல் இருந்தது. இடைக்கால ஏற்பாடாகப் பிறந்தது நாற்பது ஆண்டுகளாக நிலைத்து நிற்கின்றது. 2021 இலும் அதன் விதிகள் திருத்தி வெளியிடப்பட்டன. தற்காலிகக் கொட்டகைகளிலே தலைமுறை தலைமுறையாக வகுப்பு நடத்திய பாடசாலைகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

ஐமாப் முறையில் கடிதம் தபாற் கந்தோரை விட்டு வெளியேறுவதில்லை. பெறுபவருக்கென்று அங்கே ஓர் அலுமாரி ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் வேண்டிய தட்டுகளை அமைத்துப் பெயரிடலாம். கடிதங்களைத் தட்டுக்குத் தட்டு மாற்றலாம். வீட்டில் இருந்தபடி அவர் காண்பது அந்த அலுமாரியின் நிழலை. வாசித்தது, வாசியாதது, பதிலெழுதியது என்னும் அடையாளங்களும் கந்தோரிலேயே குறிக்கப்படுகின்றன. ஆகையால் கந்தோர்க் கணினியில் உருவாக்கிய கோப்புறை, சிறிது நேரத்தில் கைத்தொலைபேசியிலும் தோன்றுகின்றது. இன்று பெரும்பாலானோர் கைத்தொலைபேசியில் ஒன்றும் மேசையில் ஒன்றுமாக இரண்டு மூன்று கருவிகளைக் கையாளுவதால் இம்முறையே மேலோங்கியுள்ளது. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் ஏற்பாடு தனக்கென வேறு விதிகளை உடையதாயினும், கோப்புறைகளைச் சேவையகத்தில் வைப்பதில் இவ்வினத்தையே சார்ந்தது. எந்த நிரலும் இன்றி உலாவியைத் திறந்து நேரே வாசிப்பவர்களைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. அவர்கள் காண்பதெல்லாம் சேவையகத்தில் இருப்பதே. 1996 இல் தொடங்கிய ஹொட்மெயிலும் 2004 இல் தொடங்கிய ஜிமெயிலும் மக்களைப் பழக்கியது இவ்வழியில்தான்.

ஜிமெயிலைப் பற்றி ஒரு சிறு குறிப்பு அவசியம். அதில் கோப்புறைகள் போலத் தோன்றுபவை உண்மையிற் கோப்புறைகள் அல்ல, சீட்டுகள். கடிதம் ஒன்றுதான், அதன்மேல் ‘கட்டட வேலை’ என்றொரு சீட்டும் ‘வலயம்’ என்றொரு சீட்டும் ஒட்டப்படலாம். ஐமாப் வழியாக வேறொரு நிரலிற் பார்க்கும்போது அதே கடிதம் இரண்டு கோப்புறைகளிலும் காட்சியளிக்கும். இரட்டிப்பாகிவிட்டதென்று எண்ணி ஒன்றை நீக்கப் புறப்படுபவர்கள், என்ன நீங்குகின்றது என்பதை நின்று பார்க்க வேண்டும். சில வேளைகளிற் சீட்டு மாத்திரம் கழலும். சில வேளைகளிற் கடிதமே குப்பைக்குப் போகும். அங்கே அது முப்பது நாள் கிடந்து பின்னர் அழியும்.

இனி, இரண்டு முறைகளும் கலந்து கிடக்கும் இடத்துக்கு வருவோம். இழப்புகள் பெரும்பாலும் இங்கேயே நேர்கின்றன. தண்டர்பேர்ட் என்னும் நிரலில், முகவரியின் கீழ் வரிசையாக உள்ள கோப்புறைகளைத் தவிர, ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் வேறொரு வரிசையும் உண்டு. முன்னவை ஐமாப் முறையிற் சேவையகத்தவை. பின்னவை அந்தக் கணினிக்கே உரியவை. இடையே ஒரு விரற்கடைத் தூரந்தான். எலிக்கருவியாற் கடிதத்தைப் பற்றி மேலிருந்து கீழே இழுத்துவிட்டால், அது சேவையகத்திலிருந்து நீங்கி மேசைக் கணினிக்கு வந்துவிடுகின்றது. கைத்தொலைபேசியில் அன்று முதல் அதைக் காண முடியாது. சேவையகத்தில் இடம் நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கையைக் கண்டு, பழைய கடிதங்களை இவ்வாறு இழுத்து வைத்தவர்கள் பலர். அவர்கள் செய்தது பிழையன்று. செய்ததை மறந்து கணினியை விற்றால்தான் துன்பம்.

இவ்வாறு வைக்கப்பட்ட கடிதங்கள் கணினியில் எவ்வுருவில் உள்ளன என்பதையும் அறிந்திருத்தல் நன்று. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு கோப்புறையிலுள்ள கடிதங்கள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து ஒரே நீண்ட கோப்பாக எழுதுகின்றது. நூறு தாள்களை ஓர் ஊசியிற் குத்தி வைப்பதைப் போன்றது அது. கடிதமொன்றை நீக்கினால் அது பட்டியலிலிருந்து மறையும். கோப்பிலிருந்து உடனே அகலாது. கோப்பைச் சுருக்குமாறு கட்டளையிட்ட பின்னரே அந்த இடம் மீளும். அருகிலே எம்.எஸ்.எஃப். என்று முடியும் பெயருடைய சிறு கோப்பொன்றும் இருக்கும். அது வெறும் அட்டவணை. தொலைந்தால் நிரலே மீண்டும் ஆக்கிக்கொள்ளும். பெயரில் அந்த முடிவு இல்லாத பெரிய கோப்பிலேதான் கடிதங்கள் உள்ளன. பிரதி எடுக்கும்போது சிறியதை எடுத்துப் பெரியதை விட்டவர் அட்டவணையை மாத்திரம் காப்பாற்றியவர் ஆவார்.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அவுட்லுக் வேறு வகையானது. கணினிக்கே உரிய கடிதங்களை அது பி.எஸ்.ரீ. என முடியும் கோப்பில் வைக்கின்றது. எக்ஸ்சேஞ்ச் சேவையகத்திலுள்ளவற்றின் பிரதியை ஓ.எஸ்.ரீ. என முடியும் கோப்பில் வைக்கின்றது. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு; ஆனால் ஒன்று மூலம், மற்றையது நிழல். மூலத்தை இழந்தால் கடிதங்கள் போயின. நிழலை இழந்தால் சேவையகத்திலிருந்து மீண்டும் வார்த்துக்கொள்ளலாம். 2003 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பதிப்புகளிற் பி.எஸ்.ரீ. கோப்பு இரண்டு கிகாபைற்று அளவுக்கு மேல் வளர முடியாதிருந்தது. அந்த எல்லையைத் தொட்டவர்கள் ஒருநாட் காலை கோப்பைத் திறக்க முடியாமல் தவித்தனர். வட்டில் இடம் தாராளமாக இருந்தும் கோப்பு நிறைந்துவிட்டது என்பதை அவர்கள் எவ்வாறு ஊகித்திருப்பர்?

அப்படியாயின் எல்லாவற்றையும் சேவையகத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இக்கேள்விக்கு நமது நாட்டிலேயே ஒரு பதில் உண்டு. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், இலங்கை அரசாங்க நிறுவனங்களின் மின்னஞ்சல்களைத் தாங்கிய லங்கா அரசாங்க மேகக் கணிமை ஏற்பாடு தாக்குதலுக்குள்ளாயிற்று. கோப்புகளைப் பூட்டி வைத்துத் திறப்புக்குப் பணம் கேட்கும் வகையான தீநிரல் அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசாங்க முகவரிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பாதிக்கப்பட்டன. இயக்கம் சில மணி நேரத்தில் மீட்கப்பட்டது. பழைய கடிதங்கள் காப்புப் பிரதியிலிருந்து திரும்பி வந்தன. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கடிதங்கள் மீளவில்லை. சேவையகத்தில் இயங்கிய எக்ஸ்சேஞ்ச் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பென்பதும், அதனைப் புதுப்பிக்கும் வேலை நிதிப் பற்றாக்குறையாற் பிந்தியதென்பதும் அப்பொழுது வெளிவந்த செய்திகள்.

ஐயாயிரம் பேரும் தத்தம் கோப்புறைகளை ஒழுங்காக வைத்தவர்களாகவே இருந்திருக்கலாம். அந்த ஒழுங்கினால் யாதொரு பயனும் விளையவில்லை. கடிதங்களைத் தன் கணினிக்கு இறக்கி வைக்கும் பழைய பொப் வழக்கத்தை ஏதேனும் ஒரு கந்தோர் கைவிடாதிருந்திருந்தால், காலத்துக்கு ஒவ்வாதது என்று பிறர் எள்ளும் அந்தப் பழக்கமே அதனைக் காப்பாற்றியிருக்கும்.

இதனோடு ஒப்பிட வேண்டிய மற்றொரு சம்பவம் 2011 ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் ஜிமெயிலில் நிகழ்ந்தது. அங்கே தாக்கியவர் எவருமில்லை. சேமிப்பு நிரலிற் செய்த மாற்றமொன்றில் இருந்த பிழையாற் பயனாளருள் 0.02 வீதத்தினருடைய பெட்டிகள் வெறுமையாயின. பத்தாயிரம் பேருள் இருவர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த இருவருக்கு அது சிறிதன்று. கூகிள் நிறுவனம் ஒவ்வொரு கடிதத்துக்கும் பல நிலையங்களிற் பல பிரதிகளை வைத்திருந்தது. பிழை அப்பிரதிகளையும் தீண்டியது. ஈற்றிற் கைகொடுத்தவை காந்த நாடாக்கள். வலையிலிருந்து பிரித்து எடுத்து வைக்கப்பட்டிருந்தமையாற் பிழையால் அவற்றை எட்ட முடியவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு காலத்திற் சுழன்ற அந்நாடாக்களின் உறவினர் அவை.

ஐமாப் முறையில் இரண்டு மூன்று கருவிகளிற் கடிதம் தெரிகின்றமையால் இரண்டு மூன்று காப்புகள் உள்ளன என்று எண்ணுவோர் மிகப் பலர். அந்த எண்ணம் ஆபத்தானது. கைத்தொலைபேசியிற் கோப்புறையை அழித்தால், அது சேவையகத்தில் அழிகின்றது. சேவையகத்தில் அழிந்ததும் மேசைக் கணினி கீழ்ப்படிதலுள்ள மாணவனைப் போலத் தன் பிரதியையும் அழித்துவிடுகின்றது. முகம் கழுவினால் மூன்று கண்ணாடிகளிலும் முகம் ஒருங்கே மாறுவதைப் போன்றது அது. காப்பு என்பது மூலம் மாறும்போது தான் மாறாதிருக்கும் பிரதி.

கோப்புறையொன்று எங்கே உள்ளது என்பதைக் கண்டறிய எளிய வழியொன்று உண்டு. வேறொரு கணினியில், அல்லது கைத்தொலைபேசியின் உலாவியில், அஞ்சற் சேவையின் தளத்துக்கே சென்று முகவரியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே தெரியும் கோப்புறைகள் சேவையகத்தில் இருப்பவை. தெரியாதவை வழமையான கணினியில் மாத்திரம் இருப்பவை. இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுக் கடிதம் திறக்கின்றதா என்று சோதிப்போரும் உளர். அச்சோதனை, கணினியில் ஒரு பிரதி உண்டு என்பதை மாத்திரம் காட்டும். அது மூலமா நிழலா என்பதைச் சொல்லாது.

புதிய அதிபரின் கதையை இடையில் விட்டுவிட்டோம். அவர் செய்ய வேண்டியது இதுதான். கந்தோர் மூலைக் கணினியை எவரும் ‘சுத்தப்படுத்த’ முன்னர், அதன் மின்னஞ்சற் கோப்புகள் முழுவதையும் தனி வட்டொன்றிற் பிரதி எடுக்க வேண்டும். பின்னர் அதே கணினியில், பழைய பொப் அமைப்பை நீக்காமலே, அதே முகவரியை ஐமாப் முறையில் இரண்டாவதாகச் சேர்க்க வேண்டும். இப்போது இரண்டு வரிசைகள் அருகருகே தோன்றும். சேவையகத்து வரிசையிற் புதிய கோப்புறைகளை உருவாக்கி, பழைய வரிசையிலுள்ள கடிதங்களை அவற்றுக்குப் பிரதி செய்ய வேண்டும். நகர்த்துதல் கூடாது, நடுவழியிற் தொடர்பு அறுந்தால் எது போனது, எது நின்றது என்பது தெரியாமற் போகும். கடிதங்கள் மேலேறுவதற்கு ஓரிரவு முழுவதும் எடுக்கலாம். சேவையகத்தில் இடம் போதுமா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். இலவச ஜிமெயில் முகவரியாயின், அஞ்சலுக்கும் படங்களுக்கும் பிற கோப்புகளுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்ட இடம் 15 கிகாபைற்று என்பதே வழக்கமான அளவு. மறுநாள் உலாவியிற் திறந்து, ஒவ்வொரு கோப்புறையிலும் கடிதங்களின் எண்ணிக்கை ஒத்துள்ளதா என்று சரிபார்க்க வேண்டும்.

அதன் பின்னர் அந்தப் பழைய கணினியை நிறுத்தலாம். பிரதி எடுத்த வட்டை எந்தக் கணினியிலும் செருகி வைக்காமல், திகதியிட்டு இரும்பு அலுமாரியில் வைத்து, அடுத்த அதிபருக்குரிய ஒப்படைப்புப் பட்டியலில் வங்கிப் புத்தகத்துக்குக் கீழே இன்னொரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.